பென் நெவிஸ் வெறும் 1,345 மீட்டர்தானே? பிரிட்டன் மலைநடை பற்றி ஒரு கேள்வி

நனைந்த_காலுறை · செப்டம்பர் 11

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் வேல்ஸில் இருக்கும் ஸ்னோடன் மலைக்குப் போய் வந்தேன், லான்பெரிஸ் பாதை வழியாக. நல்ல வெயில். ஏறுகிற கூட்டத்தைப் பார்த்தால் மலைக்குப் போகிற மாதிரியே தெரியவில்லை, தேர்த் திருவிழாவுக்குப் போகிற மாதிரி இருந்தது. உச்சியில் ரயில் நிலையம் வேறு. காபி குடித்துவிட்டு இறங்கிவிட்டேன்.

அடுத்தது ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ், பிரிட்டனிலேயே உயரமான மலை, என்று முடிவு செய்திருக்கிறேன். அக்டோபர் கடைசி வாரம் லீவு. 1,345 மீட்டர்தான். ஊட்டி பஸ் ஸ்டாண்டே அதைவிட உயரத்தில் இருக்கிறது. தொட்டபெட்டா 2,637. ரன்னிங் ஷூ, ஜீன்ஸ், ஒரு ஜாக்கெட், போனில் மேப். காலை 10 மணிக்குக் கிளம்பினால் மாலைக்குள் இறங்கிவிடலாம்தானே? இருப்பது மான்செஸ்டர்.

---

கணவாய்க்காரன் · செப்டம்பர் 11

தம்பி, ஊட்டிக்கு நடந்தா போனீர்கள்?

நக்கலுக்குக் கேட்கவில்லை. தொட்டபெட்டா உச்சிவரை வாகனம் போகிறது. பென் நெவிஸ் பாதை தொடங்கும் கிளென் நெவிஸ் ஏறக்குறையக் கடல் மட்டம். அந்த 1,300 சொச்சம் மீட்டரையும் உங்கள் முழங்கால்தான் ஏற வேண்டும், பிறகு அதே முழங்கால்தான் இறங்க வேண்டும். போய்வர சுமார் 17 கிலோமீட்டர்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஒரு விதி சொன்னார். அதை இன்றைய அளவில் சொன்னால், மணிக்கு 5 கிலோமீட்டர் நடை, ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் 10 நிமிடம் கூடுதல். ஏற மட்டும் நான்கு மணி நேரம். இதில் ஓய்வு இல்லை, சாப்பாடு இல்லை, படம் எடுப்பது இல்லை. இறங்க இன்னொரு மூன்று மணி நேரம் வையுங்கள். அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தைப் பின்னால் திருப்பிவிடுவார்கள். அதன் பிறகு மலையடிவார ஊரான ஃபோர்ட் வில்லியமில் ஐந்து மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். 10 மணிக்குக் கிளம்பினால் கடைசி ஒரு மணி நேரம் இருட்டில்தான். ஹெட்டார்ச் (தலையில் மாட்டும் விளக்கு) பட்டியலில் இல்லையே?

---

மழைமானி · செப்டம்பர் 11

உயரத்தை விட்டுவிடுங்கள். அந்த உச்சியில் 1883 முதல் 1904 வரை ஒரு வானிலை ஆய்வகம் இருந்தது. ஆட்கள் மேலேயே தங்கி, இரவு பகலாக மணிக்கு ஒரு முறை அளவெடுத்தார்கள். அந்தப் பதிவுகளின்படி உச்சியின் ஆண்டுச் சராசரி வெப்பநிலை ஏறக்குறையப் பூஜ்யம். மழையும் பனியும் சேர்த்து ஆண்டுக்கு 4,000 மி.மீ.க்கு மேல். அட்லாண்டிக்கில் இருந்து வரும் ஈரக்காற்று முதலில் முட்டுவது அந்த மேற்குக் கரை மலைகளில்தான்.

கீழே 10 டிகிரி இருக்கும் நாளில் மேலே 2 டிகிரிதான் இருக்கும். காற்றையும் மழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் ஜீன்ஸ் நனைந்தால் உடம்புச் சூட்டை அப்படியே உறிஞ்சிவிடும், காயவும் காயாது. மலையில் பருத்தியே வேண்டாம்.

(இதையும் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பிடித்த கதை. 1894 செப்டம்பரில் சி.டி.ஆர். வில்சன் அந்த ஆய்வகத்தில் சில வாரங்கள் வேலை பார்த்தார். மேகத்தின் மீது விழும் நிழலைச் சுற்றி வண்ண வளையங்கள் தெரிவதைப் பார்த்து, அதைச் சோதனைச்சாலையில் உண்டாக்கப் பார்த்தார். அதில் இருந்து பிறந்ததுதான் முகிற்கலம், அணுத்துகள்களின் தடத்தைக் காட்டும் கருவி. 1927இல் நோபல் பரிசு. மூடுபனியில் நின்று சலித்தவர்களில் ஒருவருக்காவது பலன் கிடைத்திருக்கிறது.)

---

இருபத்துநாலு · செப்டம்பர் 12

எல்லோரும் பையனை ரொம்பப் பயமுறுத்துகிறீர்கள். ஆண்டுக்கு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஏறுகிற மலை அது. நான் போன ஜூனில் ஸ்காட்லாந்து, இங்கிலாந்து, வேல்ஸ் மூன்றின் மிக உயரமான சிகரங்களையும் 24 மணி நேரத்தில் முடித்தேன்: பென் நெவிஸ், ஸ்காஃபெல் பைக், ஸ்னோடன். அலுவலகத்தில் ஆறு பேர், ஒரு வேன். பயிற்சி இருந்தால் எல்லாம் நடக்கும்.

---

கணவாய்க்காரன் · செப்டம்பர் 12

ஜூனில் இரவு பத்து மணிவரை வெளிச்சம் இருக்கும். அவர் கேட்பது அக்டோபர் கடைசி.

மூன்று சிகரம் பற்றி என் கருத்து பலருக்குப் பிடிக்காது, இருந்தாலும் சொல்கிறேன். அந்த 24 மணி நேரத்தில் ஏறக்குறைய பத்து மணி நேரம் வேனில் உட்கார்ந்திருக்கிறீர்கள். ஸ்காஃபெல் பைக்கில் இருட்டில் ஏறி, எதையும் பார்க்காமல் இறங்குகிறீர்கள். அதன் அடிவாரத்தில் வாஸ்டேல் ஹெட் சில வீடுகளே உள்ள இடம். நடுச்சாமத்தில் வேன் கதவைச் சாத்துகிற சத்தம் பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும். அந்த மலையைப் பாருங்கள்: முதல் உலகப்போரில் இறந்த லேக் மாவட்டத்து ஆட்களின் நினைவாக 1919இல் நேஷனல் டிரஸ்டுக்குக் கொடையாகக் கொடுக்கப்பட்டது. உச்சியில் அதற்கொரு கல்வெட்டும் இருக்கிறது. கவனித்தீர்களா?

---

இருபத்துநாலு · செப்டம்பர் 12

இல்லை. ஹெட்டார்ச் வெளிச்சத்தில் மழைதான் தெரிந்தது. சரி, அந்த ஒரு விஷயத்தில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த வேன் பயணம் இல்லாவிட்டால் எங்கள் ஆறு பேரில் ஒருவரும் மலைப்பக்கமே போயிருக்க மாட்டோம். இப்போது இருவர் மாதாமாதம் போகிறார்கள்.

---

ரயில்பயணி · செப்டம்பர் 12

ஸ்காஃபெல் பைக் என்றதும் என் கதை. போர்ரோடேல் பக்கம் சீத்வெய்ட்டில் காரை விட்டு ஏறினேன். காரிடார் பாதை, அருமையான பாதை. உச்சியில் வெள்ளை மூட்டம், பத்தடிக்கு மேல் தெரியவில்லை. உச்சி முழுக்கக் கல்லும் பாறையும், கால்தடம் என்று ஒன்றும் பதிவதில்லை. கற்குவியல்கள் மட்டும் எல்லாத் திசையிலும் இருக்கின்றன. போனில் சார்ஜ் 40 சதவீதம் காட்டியது, குளிரில் அப்படியே அணைந்துவிட்டது. முன்னால் போன நாலு பேரைப் பின்தொடர்ந்தேன். நல்ல மனிதர்கள். இரண்டு மணி நேரம் கழித்துக் கீழே வந்து பார்த்தால் வாஸ்டேல்.

மலைக்கு அந்தப் பக்கம் கார், இந்தப் பக்கம் நான். குறுக்கே சாலை கிடையாது. மலைக்கூட்டத்தையே சுற்றி வர வேண்டும். டாக்ஸிக்குக் கொடுத்த பணத்தில் நல்ல பூட்ஸ் ஒரு ஜோடி வாங்கியிருக்கலாம். அதற்குப் பிறகுதான் கார் வேண்டாம் என்று ரயிலுக்கு மாறினேன். பாதை தவறினால் வேறு ஸ்டேஷனில் ஏறிக்கொள்ளலாம் பாருங்கள்.

---

மழைமானி · செப்டம்பர் 12

வாஸ்டேலில் முடிந்தது உங்கள் அதிர்ஷ்டம். லிங்மெல் கணவாய்ப் பக்கம் இறங்கும்போது கொஞ்சம் தவறினால் பியர்ஸ் கில் என்ற பிளவுக்குள் கொண்டுபோய் விட்டுவிடும். இறங்க இறங்கச் சுவர் செங்குத்தாகும், திரும்பி ஏறவும் முடியாது. மீட்புக்குழு அங்கே போவது புதிதல்ல.

---

நனைந்த_காலுறை · செப்டம்பர் 13

இவ்வளவு பதிலை எதிர்பார்க்கவில்லை, நன்றி. ஜீன்ஸ் நீக்கப்பட்டது. ஹெட்டார்ச் சேர்க்கப்பட்டது.

ஒன்று கேட்கிறேன். போனுக்கு ஒரு பவர்பேங்க் எடுத்துக்கொண்டால் போதாதா? காகித வரைபடம், திசைகாட்டி எல்லாம் இந்தக் காலத்தில் உண்மையிலேயே தேவையா, இல்லை பழைய ஆட்களின் பெருமையா?

---

கணவாய்க்காரன் · செப்டம்பர் 13

பெருமையும் உண்டு, மறுக்க மாட்டேன். நானும் போனைத்தான் முதலில் பார்க்கிறேன். ஆனால் போன் நீங்கள் நிற்கும் இடத்தைச் சொல்லும். மலை எப்படி இருக்கிறது என்பதை அந்தச் சின்னத் திரையில் பார்க்க முடியாது. அரசு வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 1:25,000 வரைபடத்தை மேசையில் விரித்து, சம உயரக் கோடுகள் எங்கே நெருங்குகின்றன என்று முதல்நாள் இரவு அரை மணி நேரம் பாருங்கள். மறுநாள் மலை உங்களுக்குப் பழகிய முகமாக இருக்கும்.

பென் நெவிஸையே எடுத்துக்கொள்ளுங்கள். உச்சி ஒரு தட்டையான மேடை. வடக்குப் பக்கம் பாதாளம். கார்டிலூ கல்லி என்ற பிளவின் வாய் பாதைக்கு மிக அருகே வருகிறது. அதற்குப் பயந்து அதிகமாக ஒதுங்கினால் மறுபக்கம் ஃபைவ் ஃபிங்கர் கல்லி. இரண்டிலும் உயிர்கள் போயிருக்கின்றன. மூட்டத்தில் இறங்க இரண்டு எண்கள் உண்டு: உச்சியின் அளவைத் தூணில் (நில அளவைக்காக நட்ட தூண்) இருந்து 231 டிகிரியில் 150 மீட்டர், அங்கிருந்து 282 டிகிரி. வரைபடத்தின் வடக்கை வைத்துச் சொல்வது இது. திசைகாட்டியின் வடக்கோடு இருக்கும் வித்தியாசம் இப்போது மிகச் சிறியது. வரைபடத்தின் ஓரத்தில் போட்டிருக்கும்.

150 மீட்டர் என்பது உங்கள் நடையில் எத்தனை காலடி என்று தெரியுமா? இல்லையென்றால் 231 தெரிந்தும் பயனில்லை. வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவிலேயே எண்ணிப் பழகலாம்.

---

மழைமானி · செப்டம்பர் 13

அந்த வடக்குகள் பற்றி ஒரு துணுக்கு: 2022 நவம்பரில் உண்மை வடக்கு (வட துருவத் திசை), காந்த வடக்கு (திசைகாட்டி முள் காட்டுவது), வரைபட வடக்கு (வரைபடத்தின் செங்குத்துக் கோடுகள் காட்டுவது) மூன்றும் டார்செட் கடற்கரையில் லாங்டன் மாட்ராவர்ஸ் என்ற ஊரில் ஒரே கோட்டில் சேர்ந்தன. பிரிட்டனின் அளவை வரலாற்றில் முதல் தடவை. அந்தச் சந்திப்புப் புள்ளி வடக்கே நகர்ந்துகொண்டிருக்கிறது.

ஆனால் ஸ்கை தீவின் குலின் மலைகளில் திசைகாட்டியை முழுதாக நம்பாதீர்கள். அங்கே பாறையே காந்தத்தன்மை உள்ளது, முள்ளை இழுத்துவிடும்.

---

சொல்தேடி · செப்டம்பர் 14

வரைபடப் பேச்சு வந்ததால் நுழைகிறேன். இங்கே மலைப்பெயர்களே பாதி வழியைச் சொல்லிவிடும்.

ஸ்காட்டிஷ் கேலிக்கில் பென் மலை, ஸ்கூர் கூரான சிகரம். மியால் என்றால் உருண்டை மேடு, நம்மூர்ப் பொற்றை மாதிரி. பியாலஹ் கணவாய். கோரி என்றால் கொப்பரை; பனியாறு குடைந்தெடுத்த வட்டப் பள்ளத்துக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் இருக்க முடியாது. வேல்ஸ் மொழியில் கணவாய்க்கு பூல்ஹ், ஏரிக்கு லின். ஸ்னோடனின் பிக் பாதையில் பூல்ஹ் எ மோஹ், அதாவது பன்றிக் கணவாய், என்று ஓரிடம் வரும். அங்கே நேராக மேலே போகிற தடத்தைப் பிடித்தால் கிரிப் கோஹ் என்ற கத்திமுனை முகட்டில் போய் நிற்பீர்கள். தெரியாமல் போய் மாட்டிக்கொண்டவர்கள் ஏராளம்.

லேக் மாவட்டத்துப் பெயர்களில் நார்ஸ் மொழி அப்படியே இருக்கிறது: ஃபெல் மலை, பெக் ஓடை, டார்ன் என்பது நம் சுனை, த்வெய்ட் என்பது காடு திருத்திய நிலம். அப்புறம் 'மாஸ்' என்று பெயரில் இருந்தால் அது சதுப்பு. கேள்வி கேட்டவரின் புனைபெயர் அங்கே நிஜமாகும்.

ஸ்னோடன் என்பதையும் யர் விட்வா என்று சொல்லிப் பழகலாம். தேசியப் பூங்கா நிர்வாகமே 2022இல் வேல்ஸ் பெயர்களுக்கு மாறிவிட்டது, பூங்காவுக்கு எரரி. பிரெக்கன் பீக்கன்ஸும் 2023இல் பன்னாய் பிரஹெய்னியோக் ஆகிவிட்டது. ஊர்ப்பெயரை மீட்பது நமக்குப் புரியாத விஷயமா என்ன.

---

ரயில்பயணி · செப்டம்பர் 14

நனைந்த காலுறை, நீங்கள் மான்செஸ்டரில் இருந்துகொண்டு ஏன் ஃபோர்ட் வில்லியம்வரை ஓடுகிறீர்கள்? ஈடேலுக்கு நேர் ரயில் இருக்கிறது. ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் கிண்டர் ஸ்கவுட். 636 மீட்டர்தான்.

---

நனைந்த_காலுறை · செப்டம்பர் 14

636? அது மலையா?

---

கணவாய்க்காரன் · செப்டம்பர் 14

இந்தக் கேள்விக்காகவே நீங்கள் அங்கே போக வேண்டும்.

கிண்டருக்குக் கூரான உச்சி கிடையாது. மேலே ஏறிவிட்டால் பரந்த கரிமண் மேட்டுநிலம். அளவைத் தூண் நிற்கும் இடம் 633 மீட்டர், உண்மையான 636 மீட்டர் இடமோ சேற்றுக்கு நடுவே பெயரில்லாத ஒரு திட்டு. மேட்டுநிலம் முழுக்க ஆள் உயர வாய்க்கால்கள், ஒன்றில் இறங்கி ஏறினால் அடுத்தது. மூட்டத்தில் நேர்கோட்டில் நூறு மீட்டர் நடந்து காட்டுங்கள் பார்ப்போம். திசைகாட்டி பழக இதைவிட நல்ல இடம் இல்லை. மாட்டிக்கொண்டாலும் விழுந்து சாகிற பாறைகள் ஓரத்தில்தான், நடுவில் இல்லை.

அந்த மண்ணில் வரலாறும் இருக்கிறது. 1932 ஏப்ரல் 24 அன்று, வேட்டைக்காக மூடி வைத்திருந்த கிண்டர் மேட்டில் நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் ஹேஃபீல்டில் இருந்து அத்துமீறி ஏறினார்கள். ஐந்து பேருக்குச் சிறை. 1951இல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாக பீக் மாவட்டம் அறிவிக்கப்பட்டது. 1965இல் அதே ஏப்ரல் 24 அன்று பென்னைன் வே திறந்தார்கள்: ஈடேலில் தொடங்கி ஸ்காட்லாந்து எல்லை தாண்டி கர்க் யெட்டம்வரை 268 மைல். சேறு அதிகமான பல இடங்களில் பழைய ஆலைகளை இடித்த கற்பலகைகளைப் பதித்திருக்கிறார்கள். ஆலைத் தொழிலாளி நடக்கக் கேட்ட இடத்தில் இன்று ஆலையின் தரைதான் பாதை.

---

மூர்_நிலம் · செப்டம்பர் 15

நடக்கும் உரிமை பற்றி வந்ததால்: ஸ்காட்லாந்தில் 2003 நிலச் சீர்திருத்தச் சட்டப்படி பெரும்பாலும் எங்கும் நடக்கலாம், கூடாரமும் போடலாம், பொறுப்போடு. இலையுதிர் காலத்தில் மான் வேட்டை நடக்கும் மலைகளில் மட்டும் முன்கூட்டி விசாரித்துப் போவது நல்லது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2000ஆம் ஆண்டுச் சட்டம் மூர் நிலம் (மரமில்லாத புதர் மேட்டுநிலம்), மலை போன்றவற்றில் நடக்க விடுகிறது. கூடாரத்துக்கு நிலச் சொந்தக்காரரின் அனுமதி வேண்டும். விதிவிலக்கு தென்மேற்கு இங்கிலாந்தில் இருக்கும் எங்கள் டார்ட்மூர். அதையும் நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் முகாமிடும் உரிமை உண்டு என்று தீர்ப்புச் சொல்லிவிட்டது. ராணுவப் பயிற்சி நடக்கும் பகுதியில் சிவப்புக் கொடி ஏறியிருந்தால் மட்டும் உள்ளே போகாதீர்கள்.

---

இருபத்துநாலு · செப்டம்பர் 15

அப்படியானால் பென் நெவிஸ் முடித்ததும் அடுத்தது எது? உயரத்தில் இரண்டாவது பென் மக்டூயி, 1,309 மீட்டர். குளிர்காலத்தில் அதைப் போடலாம் என்று எங்கள் குழுவில் பேச்சு.

---

மழைமானி · செப்டம்பர் 15

தயவுசெய்து பனிக்காலப் பயிற்சி எடுக்காமல் போகாதீர்கள். மக்டூயி இருக்கும் கெய்ன்கார்ம் மலைகள் மேற்குக் கரை மாதிரி இல்லை. கிரானைட் மேட்டுநிலம், மணிக்கணக்கில் நடந்தாலும் ஒதுங்க ஓர் இடம் கிடையாது. 1986 மார்ச் 20 அன்று கெய்ன்கார்ம் உச்சியில் மணிக்கு 173 மைல் காற்று பதிவானது. 1971 நவம்பரில் அந்த மேட்டில் புயலில் சிக்கிப் பதின்ம வயது மாணவர்கள் ஐவரும் உடன் போன பயிற்சியாளர் ஒருவரும் இறந்தார்கள். கிராம்பானும் (பூட்ஸின் அடியில் மாட்டும் இரும்பு முட்கள்) ஐஸ் கோடாரியும் வாங்கிவிட்டால் போதாது, சறுக்கும்போது கோடாரியால் நிறுத்தப் பழகியிருக்க வேண்டும். பனிச்சரிவு அறிக்கையையும் படிக்கத் தெரிய வேண்டும்.

---

கணவாய்க்காரன் · செப்டம்பர் 15

மக்டூயி நடை முழுதும் தூரத்தின் விளையாட்டு. நெவிஸ் ஏற்றத்தின் விளையாட்டு. கிண்டர் திசையின் விளையாட்டு. எரரியில் கை வைத்து ஏறும் முகடுகள். தெற்கு வேல்ஸின் பெனி ஃபான் 886 மீட்டர், பாதி உயரத்தில் கார் நிறுத்தம், ஆனால் வடக்கு விளிம்பில் காற்று தள்ளும். வட அயர்லாந்து மோர்ன் மலைகளில் 1904 முதல் 1922வரை கட்டிய, 30 கிலோமீட்டருக்கும் மேல் நீளும் கற்சுவர், அதைப் பிடித்துக்கொண்டே ஸ்லீவ் டோனர்டு போய்விடலாம், வரைபடமே வேண்டாம் போல இருக்கும். குறிஞ்சி என்று ஒரே பெயர் வைத்தோம், இங்கே குறிஞ்சிக்குள்ளேயே ஐந்தாறு திணை. உயர வரிசையில் ஏறினால் இது தெரியாது.

---

ரயில்பயணி · செப்டம்பர் 16

ஆபத்து நேரத்துக்கு: 999 அழைத்து முதலில் போலீஸ் கேளுங்கள், பிறகு மலை மீட்பு என்று சொல்லுங்கள். மீட்புக்குழுவினர் தன்னார்வலர்கள், காசு கேட்பதில்லை. பேச சிக்னல் இல்லாத இடத்தில் குறுஞ்செய்தி போகக்கூடும். அதற்கு 'ரெஜிஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல்லை 999க்கு அனுப்பி முன்பே பதிந்து வையுங்கள். விசில் என்றால் ஒரு நிமிடத்தில் ஆறு தடவை, ஒரு நிமிடம் இடைவெளி, மறுபடி ஆறு. விசில் பல பைகளின் மார்புப்பட்டைக் கொக்கியிலேயே இருக்கிறது. நான் மூன்று வருடம் கவனிக்கவில்லை.

---

நனைந்த_காலுறை · அக்டோபர் 27

போய் வந்தேன். கிண்டர்தான்.

ஈடேலில் எட்டரைக்கு இறங்கினேன். ஜேக்கப்ஸ் லேடர் வழியாக ஏற்றம். கீழே லேசான வெயில், மேலே போனதும் யாரோ வெள்ளைத் துணியால் மூடிவிட்ட மாதிரி. அளவைத் தூணை நாற்பது நிமிடம் தேடினேன். அது எனக்கு ஐம்பதடி தூரத்தில்தான் இருந்திருக்கிறது. திசைகாட்டியைப் பார்த்து நடந்தேன், என் கால் இடப்பக்கமே இழுத்தது. முள் சொல்வது தவறு என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன். முள்தான் சரி.

கிண்டர் டவுன்ஃபால் அருவிக்குப் போனபோது மூட்டம் விலகியது. தண்ணீர் கீழே விழவில்லை. மேற்குக் காற்று அதை அப்படியே தூக்கி மேலே வீசியது, மேட்டில் நின்ற என் மேல் மழையாக விழுந்தது. கால் மணி நேரம் நின்று பார்த்தேன். ஸ்னோடனில் காபி குடித்த நாளில் இப்படி ஒன்றும் கிடைக்கவில்லை.

நெய்ஸ்மித் கணக்கில் நாலே கால் மணி நேரம் வந்தது. எனக்கு ஆறேகால். கீழே வந்து சேரும்போது ஹெட்டார்ச்சுக்கு வேலை வரவில்லை, ஆனால் பையில் இருந்தது.

பென் நெவிஸை மே மாதத்துக்குத் தள்ளிவிட்டேன். சரிதானா?

---

கணவாய்க்காரன் · அக்டோபர் 27

மே மாதத்திலும் மேலே பனி கிடக்கும், கல்லிகளின் வாயில் காற்றில் தொங்கும் பனி விளிம்பும் இருக்கலாம். ஜூன் இரண்டாம் வாரம் வாருங்கள். மிட்ஜ் பூச்சி கடிக்கும், தலைவலை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நானும் வருகிறேன். காலை ஏழு மணி, கிளென் நெவிஸ் பாலம்.

150 மீட்டருக்கு உங்கள் நடையில் எத்தனை காலடி?

---

நனைந்த_காலுறை · அக்டோபர் 28

சமதளத்தில் 96, இரட்டையடிக் கணக்கில் (இரண்டு காலடிக்கு ஒன்று). கரிமண்ணில் 118. இரண்டு தடவை எண்ணினேன் அண்ணா.